டாட்ஜ் ஏற்றத்தில் கொதிக்கிறது: என்ஜினை இறக்கலாமா?

கேள்வி: அண்ணே, வணக்கம். பர்மாவில் மேமியோவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்து ராணுவ லாரி, டாட்ஜ் வெப்பன் கேரியர் ஒன்று இருக்கிறது. தாத்தா மிச்சீனாவில் வாங்கியது. அதோடு வந்த பெட்ரோல் என்ஜின்தான் இன்னும் ஓடுகிறது. காய்கறி ஏற்றிக்கொண்டு மாண்டலேக்கு இறங்குவோம், திரும்பும்போது 25 மூட்டை அரிசியோடு ஏறுவோம். கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கும் இதே வண்டிதான். கொஞ்ச காலமாக ஏற்றத்தில் பாதி வழி வருவதற்குள் சூடு காட்டுகிற மீட்டரின் முள் 212-ஐத் தொட்டுவிடுகிறது. நிறுத்தினால் ஓவர்ஃப்ளோ குழாயில் புஸ்ஸென்று ஆவியும் தண்ணீரும் வருகிறது. வீட்டுக்கு வந்து ஆறின பிறகு பார்த்தால் 2 லிட்டர் குறைகிறது. காலையில் வண்டிக்கு முன்பக்கம் தரையில் கையகல ஈரம் இருக்கும், அவ்வளவுதான். ஊர்வலத்தில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தாலும் சூடாவதில்லை. ஆயில் சுத்தமாக இருக்கிறது. டிரைவர் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டுப் பார்த்தார். தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டோம். ஜப்பான் கார் ரேடியேட்டர் மூடி, 13 பவுண்டு, புதிதாகப் போட்டோம். ஒன்றுக்கும் கேட்கவில்லை. ஹெட் கேஸ்கட் (என்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற தகடு) போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

பதில்: தம்பி, இறக்க வேண்டாம். கேஸ்கட்டே போயிருந்தாலும் இந்த என்ஜினை அதற்காக இறக்கத் தேவையில்லை. உங்களுடையது 230 கன அங்குல ஃபிளாட்ஹெட். வால்வுகள் பிளாக்கிலேயே, அதாவது என்ஜினின் வார்ப்பு உடம்பிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஹெட் என்பது மேலே போட்டு முறுக்கின ஒரு கனத்த மூடி, வேறொன்றுமில்லை. வண்டியில் இருக்கும்போதே போல்ட்டை எடுத்துத் தூக்கிவிடலாம். ஆனால் எத்தனையோ வருடம் சூட்டில் வெந்த போல்ட்டுகள். தேவையில்லாமல் கை வைத்து அதில் ஒன்று பிளாக்குக்குள் முறிந்தால் புது வேலை வந்து சேரும். அதனால் ஹெட்டைக் கடைசியில் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஊர்வலம்தான். முன்னால் மேளம், பின்னால் கூட்டம், நடக்கிற வேகத்தில் வண்டி. எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான். அதில் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது என்றால் ஃபேன், பெல்ட் இரண்டையும் இப்போதைக்குச் சந்தேகப்பட வேண்டியதில்லை. சுமையோடு நெடுநேரம் இழுக்கும்போதுதான் தோற்கிறது. அப்படியானால் என்ஜின் உண்டாக்குகிற சூடு வெளியே போகிற வழியில் எங்கோ அடைப்பு, இல்லையென்றால் சூடே அளவுக்கு மேல் உண்டாகிறது. மாண்டலே சமவெளியில் இருந்து மேமியோவுக்குச் சுமார் 1,000 மீட்டர் ஏறுகிறீர்கள். இதைவிடப் பெரிய சோதனை அந்த ரேடியேட்டருக்கு வேறு இல்லை.

சுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது முக்கால் டன் வண்டி, 680 கிலோ. உங்கள் 25 மூட்டை, மூட்டைக்கு 49 கிலோ என்று வைத்தால் 1,225 கிலோ. இத்தனை வருடம் ஏறவில்லையா என்பீர்கள். ஏறியது, சரி. இப்போது கோளாறு எங்கே என்று தெரிகிற வரைக்கும் பாதி ஏற்றுங்கள்.

முதலில் அந்த மூடியைக் கழற்றுங்கள். 13 பவுண்டு என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 13 பவுண்டு அழுத்தம். மேல் தொட்டியின் ஒரு முகம் 100 சதுர அங்குலம் என்று வைத்தாலே 1,300 பவுண்டு, உங்கள் அரிசியில் 12 மூட்டையை அந்தப் பித்தளைத் தகட்டில் அடுக்கின மாதிரி. ஈயப் பற்றில் நிற்கிற பழைய தொட்டி அதற்குச் செய்ததல்ல. 4 பவுண்டுக்கு மேல் போகாதீர்கள். ஆனால் இந்த மூடி ஒரு தகவலும் சொல்கிறது. 13 பவுண்டு மூடி உண்மையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தால் உங்கள் ஊர் உயரத்திலும் தண்ணீர் 115 டிகிரி செல்சியஸ் தாண்டித்தான் கொதிக்க வேண்டும். முள் காட்டுவது 212 ஃபாரன்ஹீட், அதாவது 100. அதற்குள் தண்ணீரைத் தள்ளுகிறது என்றால் மூன்றில் ஒன்று. மூடியின் அடி ரப்பர் டாட்ஜ் கழுத்தின் உள் விளிம்பில் உட்காரவே இல்லை, அல்லது முள் குறைத்துக் காட்டுகிறது, அல்லது சிலிண்டரில் இருந்து புகை புகுந்து தண்ணீரைத் தள்ளுகிறது. முதலாவதுதான் அதிகம் நடப்பது. கழுத்தின் ஆழம் வண்டிக்கு வண்டி மாறும். மூடியின் அடி ரப்பரில் கொஞ்சம் கரி தடவி, மூடித் திறந்து பாருங்கள். உள் விளிம்பு முழுக்க வட்டமாகக் கரி ஒட்டியிருந்தால் உட்காருகிறது. இல்லையென்றால் நீங்கள் மூடியே போடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

முள்ளைச் சோதிப்பது சுலபம். இந்த மீட்டருக்கு மின்சாரம் கிடையாது. மெல்லிய செம்புக் குழாயின் நுனியில் ஒரு குமிழ், அது என்ஜினுக்குள் செருகியிருக்கும். பதமாகக் கழற்றுங்கள், குழாய் மடிந்தால் மீட்டர் போச்சு. குமிழை அடுப்பில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் முக்கிப் பிடியுங்கள். மேமியோவில் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஃபாரன்ஹீட்டில் 206 அளவு. முள் அங்கே நிற்க வேண்டும். 212-இல் நின்றால் மீட்டர் கூட்டிக் காட்டுகிறது, 195-இல் நின்றால் குறைத்துக் காட்டுகிறது. இதைச் செய்யாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

அடுத்து அந்த 2 லிட்டர். இதில் எல்லாமே ஒழுக்கு அல்ல. குளிர்ந்த தண்ணீர் 95 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பங்கு பெருக்கும். 15 லிட்டர் தண்ணீரில் அது அரை லிட்டருக்கு மேல். உங்கள் வண்டியில் அதை வாங்கி வைத்துக்கொள்ளத் தனி டப்பா இல்லை என்றால் நேரே ரோட்டுக்குத்தான் போகும். மறுநாள் காலையில் டிரைவர் மறுபடி கழுத்து வரை நிரப்புவார், அது மறுபடி துப்பும். எல்லா ஊர் டிரைவர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. உள்ளே குழாய்கள் தெரியாத அளவுக்குத் தண்ணீர் மூடியிருந்தால் போதும், அதற்கு மேல் கழுத்துவரை இரண்டு அங்குலம் காலியாக விடுங்கள். ஓவர்ஃப்ளோ குழாயின் நுனியை நீளமான ரப்பர் டியூபால் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் விட்டுக் கட்டிக்கொண்டு ஒரு முறை ஏறி வாருங்கள். ரேடியேட்டரில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் பாட்டிலில் இருந்தால் எங்கேயும் ஒழுகவில்லை, கொதித்துத்தான் போகிறது. பாட்டிலில் அரை லிட்டர், குறைந்தது 2 லிட்டர் என்றால் மிச்சத்துக்கு வேறு ஓட்டை இருக்கிறது.

காலை ஈரம் வாட்டர் பம்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பம்பின் அடியில் சின்னத் துவாரம் ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகச் சொட்டும். உலோகம் ஆறிச் சுருங்கும்போது சொட்டும், சூடானதும் நின்றுவிடும். அதனால்தான் ஓடும்போது உங்கள் கண்ணில் படவில்லை. அந்தத் துவாரத்தை எம்-சீல் வைத்து அடைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும், பேரிங் உடைந்தால் ஃபேன் ரேடியேட்டரைக் கிழிக்கும். இந்தச் சொட்டினால் 2 லிட்டர் போகாது. ஆனால் தேய்ந்த சீல் வேகமாக ஓடும்போது காற்றையும் உள்ளே இழுக்கும், தண்ணீர் நுரைக்கும். எப்படியும் பம்பைக் கழற்றப் போகிறோம், அதைக் கீழே சொல்கிறேன்.

இனி ஹெட் கேஸ்கட். உங்கள் மெக்கானிக் சொன்னது வாய்ப்பே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் சொன்னார் என்பதுதான் என் குறை. இதற்குக் காசே வேண்டாம். காலையில் என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பம்ப் சுற்றக் கூடாது, சுற்றினால் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது. மேல் ஹோஸை என்ஜின் பக்கம் கழற்றி, தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டில் தண்ணீர் விளிம்பு வரை வருமாறு ஊற்றுங்கள். ரேடியேட்டர் பக்கத்து வாயை ஒரு கட்டையால் அடைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்து ஒருவர் ஆக்சிலேட்டரைத் தட்டித் தட்டி விடட்டும், நீங்கள் தண்ணீரையே பாருங்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குமிழ் வரும், அது உள்ளே சிக்கியிருந்த காற்று. அதற்குப் பிறகும் என்ஜின் அடிக்கிற தாளத்துக்கே விடாமல் கொப்புளம் வந்தால் கேஸ்கட், அல்லது வால்வு வந்து உட்காருகிற சீட்டில் இருந்து சிலிண்டருக்கு விரிசல். தண்ணீர் அசையாமல் நின்றால் கேஸ்கட்டை மறந்துவிடலாம். ஒரு நிமிடத்துக்குள் முடித்து அணைத்துவிடுங்கள். பம்ப் ஓடாத என்ஜின், அதற்கு மேல் தாங்காது.

மனம் ஆறவில்லை என்றால் இன்னொன்று. வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு அடியில் ஆயில் வடிக்கிற பிளக்கை மெல்ல ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். ஆயிலில் தண்ணீர் இறங்கியிருந்தால் அடியில் தங்கி முதலில் அதுதான் சொட்டும். ஆயில் குச்சியில் தெரியாத அளவுகூட இதில் தெரிந்துவிடும். சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கிற கம்ப்ரஷன் கேஜ் கிடைத்தால் ஆறு சிலிண்டரையும் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு மட்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கட் வெந்திருக்கிறது என்று அர்த்தம்.

கொப்புளம் வராது என்றே நான் எதிர்பார்க்கிறேன். கேஸ்கட் போயிருந்தால் ஊர்வலத்திலும் ஏதாவது சேட்டை காட்டியிருக்கும்.

ரேடியேட்டருக்கு வருவோம். நீங்கள் இருக்கிற ஷான் மலை சுண்ணாம்புக் கல் மலை. உங்கள் கிணற்றிலும் ஓடையிலும் வருகிற தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் எத்தனையோ வருடமாகப் படிந்து கிடக்கிறது. அதன் மேல் இப்போது மஞ்சள் தூள் வேறு. மஞ்சள் சின்ன ஒழுக்கை நிறுத்தும், உண்மைதான். எது ஓட்டை, எது குழாய் என்று அதற்குத் தெரியாதே, இரண்டையும் சேர்த்து அடைக்கும். என்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு, ஃபேன் நின்ற பிறகு ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை மெல்ல நகர்த்துங்கள். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் ஓர் இடம் மட்டும் ஜில்லென்று இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. பாதிக்கு மேல் அப்படி இருந்தால் மேல் தொட்டியைப் பற்று எடுத்துத் திறந்து கம்பி விட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம்தான் என்றால் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி, அரை மணி ஓடவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை மட்டும் யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள், பற்றையும் பம்பையும் சேர்த்துத் தின்றுவிடும். அலசின பிறகு புதிதாக ஓரிரண்டு இடத்தில் ஒழுகலாம். அவை ஏற்கெனவே ஓட்டைதான், சுண்ணாம்புப் படிவு அடைத்துக்கொண்டிருந்தது. அவற்றை ஈயம் வைத்து அடைத்துக்கொள்ளலாம். கீழ் ஹோஸையும் பிசைந்து பாருங்கள். அது பம்ப் உறிஞ்சுகிற பக்கம். உள்ளே கம்பிச் சுருள் துருப்பிடித்துப் போயிருந்தால் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஹோஸ் சப்பிக்கொள்ளும், நின்று பார்க்கும்போது நன்றாக இருக்கும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். மேல் கூட்டில் இருந்து பம்புக்குச் சின்ன பைபாஸ் ஹோஸ் போகிற என்ஜினாக இருந்தால், தெர்மோஸ்டாட் இல்லாமல் கொஞ்சம் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலேயே என்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். பொறி அடிக்கிற நேரத்தை, டைமிங்கையும் பார்த்துவிடுங்கள். பொறி தாமதமாக அடித்தால் எரிகிற பெட்ரோலின் சூடு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில் எக்ஸாஸ்ட் வழியில் போகும், இந்த என்ஜினில் அந்த வழி பிளாக்குக்குள்ளேயே போகிறது. ஏற்றத்தில் வண்டி முன்னைவிட மந்தமாக இருக்கிறதா என்று டிரைவரைக் கேளுங்கள்.

இப்போது நான் உண்மையில் சந்தேகப்படுகிற இடம். இந்த டாட்ஜ் ஆறு சிலிண்டருக்குள் பலருக்குத் தெரியாத ஒரு சாமான் இருக்கிறது. வாட்டர் பம்புக்குப் பின்னால், பிளாக்கின் முன் முனையில் இருந்து பின் முனை வரை நீளமாக ஒரு தகட்டுக் குழாய் செருகியிருக்கும். பம்ப் தள்ளுகிற குளிர்ந்த தண்ணீர் முதலில் அதற்குள் போய், அதன் மேல் வெட்டியிருக்கிற துவாரங்கள் வழியாக ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வு சீட்டின் பக்கமும் அடிக்கும். ஆறாவது சிலிண்டருக்கும் முதல் சிலிண்டருக்குக் கிடைக்கிற மாதிரியே குளிர்ந்த தண்ணீர் கிடைப்பது இந்தக் குழாயால்தான். வெறும் தண்ணீரிலேயே ஓடின வண்டியில் அது அரித்துப் போகும். அரித்தால் தண்ணீர் முன்னாலேயே கொட்டிவிட்டு மேலே ஏறிப் போய்விடும், ஐந்தாவதும் ஆறாவதும் வெந்துகொண்டிருக்கும். லேசான ஓட்டத்தில் தெரியாது. சுமையோடு ஏறும்போது பின் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் அங்கேயே கொதித்து, அந்த ஆவி மேலே வந்து ரேடியேட்டரில் இருந்து தண்ணீரைத் தள்ளும். பார்ப்பதற்கு அச்சு அசலாக ஹெட் கேஸ்கட் மாதிரியே இருக்கும்.

கண்டுபிடிக்க, தூரத்தில் இருந்து நீட்டிச் சூடு பார்க்கிற மீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். மாண்டலேயில் சீனச் சாமான் விற்கிற கடையில் விலைக்கே கிடைக்கும். ஏற்றத்தில் முள் உயர்ந்ததும் ஓரமாக நிறுத்தி, அணைக்காமல், ஹெட்டின் மேல் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக் பக்கத்திலும் நீட்டிப் பாருங்கள். முன்னால் இருந்து பின்னால் போகப் போகச் சில டிகிரி கூடுவது சகஜம். ஐந்து, ஆறு பக்கம் மட்டும் தடாலென்று ஏறினால் குழாய் போய்விட்டது, அல்லது பின் மூலையில் சேறு அடைத்திருக்கிறது. பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். கடைசி இரண்டின் பீங்கான் மட்டும் வெளுத்திருந்தால் அதுவும் சாட்சி.

அந்தத் தகட்டுக் குழாயை எடுப்பதற்கு ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும், பம்பைக் கழற்ற வேண்டும். உள்ளே டார்ச் அடித்தால் குழாயின் வாய் தட்டையாகத் தெரியும். கால் அங்குலக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, வாயில் இருந்து முதல் துவாரத்தில் மாட்டி, நேராக இழுக்க வேண்டும். நெம்பக் கூடாது. நல்லதாக இருந்தால் சரசரவென்று முழுசாக வந்துவிடும். மோசமாக இருந்தால் கையில் ஒரு சாண் மட்டும் வரும், மிச்சம் துருச் செதிலாக உள்ளேயே நிற்கும். அப்போது கோபப்பட்டுச் சுத்தியலைத் தூக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி ஊறவிட்டு, நீளமான கொக்கியை இன்னும் ஆழத்தில் மாட்டித் துண்டு துண்டாக எடுங்கள். இந்த வேலைக்கு ஒரு நாள் போனாலும் போகட்டும். எடுத்த துண்டுகளை ஒரு பலகையில் அதே வரிசையில் அடுக்கி, துவாரம் எங்கே எங்கே, எவ்வளவு பெரிசு என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மாண்டலே தொழிற்பேட்டைப் பக்கம் தகட்டு வேலை செய்கிற பட்டறைகளில் பித்தளைத் தகட்டில் செய்து தருவார்கள். துவாரங்கள் எல்லாம் ஒரே அளவு இருக்காது. அழகாக இருக்கட்டும் என்று பட்டறைக்காரர் சமமாகப் போட்டுவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். இரும்பில் செய்யாதீர்கள்.

குழாய் வெளியே இருக்கும்போதே பிளாக்கைக் கழுவிவிடுங்கள். பக்கவாட்டில் இருக்கிற வட்டத் தகட்டு அடைப்புகளில் கடைசி ஒன்றைத் தட்டி எடுத்தால் பின் மூலைச் சேறு கையிலேயே வரும். ஹோஸால் பீய்ச்சிக் கழுவுங்கள், தண்ணீர் தெளிந்து வருகிற வரைக்கும். அடைப்புத் தகடு புதிதாகப் போடுங்கள், பழையதைத் திருப்பித் தட்ட வேண்டாம். பம்புக்கும் புது சீல் இப்போதே போட்டுவிட்டால் காலை ஈரமும் நிற்கும்.

பிறகு கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மழைக்காலத்தில் தகரக் கூரையில் இருந்து, முதல் மழையை விட்டுவிட்டு, சுத்தமான டின்னில் பிடித்து வைத்தால் வருடம் முழுக்கப் போதும். அதில் கூலன்ட் மூன்றில் ஒரு பங்கு கலந்தால் துருவும் பிடிக்காது, டிசம்பர் குளிருக்கும் ஆகும்.

ஏறும்போது டிரைவர் நாலாவது கியரிலேயே முக்கிக்கொண்டு வருவாரானால் அதை மாற்றச் சொல்லுங்கள். மூன்றாவதுக்கு இறக்கினால் என்ஜின் வேகமாகச் சுற்றும், ஃபேனும் பம்பும் கூடவே சுற்றும். முள் ஏறிவிட்டால் நிறுத்தி, அணைக்காமல் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து நிற்க வேண்டும். கொதிக்க ஆரம்பித்துவிட்டால் மட்டும் அணைத்துவிடுங்கள். வழியில் தண்ணீர் கிடைக்கிறதே என்று கொதிக்கிற என்ஜினில் ஜில்லென்று ஊற்றுவதுதான் பிளாக்கை வெடிக்க வைக்கும். முக்கால் மணி நேரம் டீ குடித்துவிட்டு ஊற்றலாம்.

ஒருவேளை கொப்புளம் வந்து ஹெட்டைத் திறக்கத்தான் வேண்டும் என்றால், மெக்கானிக்கிடம் இரண்டு சொல்லுங்கள். இந்த என்ஜினில் ஹெட் போல்ட் துவாரங்கள் தண்ணீர் ஓடுகிற இடத்துக்குள் இறங்குகின்றன, போல்ட் மரையில் சீலர் தடவாமல் போட்டால் மரை வழியே கசியும். இறுக்குவது நடுவில் ஆரம்பித்து வெளியே போக வேண்டும், மூன்று தடவையாக, கடைசியில் 65 முதல் 70 அடி-பவுண்டு. ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி ஆறின பிறகு மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கொப்புளம் வந்ததா இல்லையா, கடைசி இரண்டு பிளக் பக்கம் எத்தனை டிகிரி காட்டியது, பாட்டிலில் எவ்வளவு சேர்ந்தது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.